பிரிக்பீல்ட்ஸ்: தோசை விலையும் கடை வாடகையும்

(பந்திங்கில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2024 டிசம்பரில் மலேசியாவின் காலைப் பசியாறும் பண்பாட்டை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் மூன்றும் அதில் பெயரோடு இடம்பிடித்தன. மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் அந்த ரொட்டியை வீசிப் போடுகிறவர் நிற்கும் பத்தடி இடத்துக்கு மாத வாடகை எவ்வளவு என்பது எந்த மரபுப் பட்டியலுக்குள்ளும் வராது. இந்த உரை அந்த வாடகையைப் பற்றியது.

எடுத்துக்கொண்ட இடம் பிரிக்பீல்ட்ஸ். பந்திங்காரர்களுக்கு அது தெரியாத ஊர் இல்லை. தீபாவளிக்குத் துணி எடுக்கக் கிள்ளான் தெங்கு கிளானா சாலை, அங்கே மனசுக்குப் பிடிக்காவிட்டால் பிரிக்பீல்ட்ஸ் என்பது பல குடும்பங்களின் வழக்கம். பிள்ளைகள் சிலருக்குக் கேஎல் சென்ட்ரல் கோபுரங்களில் வேலை. போனவர்கள் எல்லாரும் ஒரு முறையாவது அங்கே வாழையிலையில் சாப்பிட்டிருப்பார்கள். போன தடவை சாப்பிட்ட கடை இந்தத் தடவை அங்கே இல்லாமல் போனதையும் பார்த்திருப்பார்கள்.

அந்த ஊர் எப்படி உண்டானது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோலாலம்பூர் 1881இல் இரண்டு தடவை அழிந்தது. ஜனவரியில் தீ, டிசம்பரில் வெள்ளம். பலகைச் சுவரும் அத்தாப்புக் கூரையுமாக இருந்த ஊரைச் செங்கல்லும் ஓடும் கொண்டு திரும்பக் கட்ட வேண்டும் என்று பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் உத்தரவிட்டார். களிமண் கிடைத்த தென்புறத்தில் சூளைகள் எழுந்தன. காப்பித்தான் யாப் ஆ லோய் அந்தத் தொழிலை அங்கே ஊன்றினார். 1886இல் கிள்ளானை நோக்கி ரயில் ஓடத் தொடங்கியது. ரயில்வேயின் பணிமனைகளும் சரக்குத் தண்டவாளங்களும் பிரிக்பீல்ட்ஸில் அமைந்தன. இலங்கைப் பொதுப்பணித் துறையில் இருந்து வந்த பொறியாளர் சார்ல்ஸ் எட்வின் ஸ்பூனர் 1901இல் மலாய் மாநில ரயில்வேயின் பொது மேலாளரானார். யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர்களும் நிலைய அதிகாரிகளும் வந்தார்கள். தமிழகத்திலிருந்து வந்தவர்கள் தண்டவாளம் போட்டார்கள், கரி அள்ளினார்கள், பெட்டி கழுவினார்கள்.

கோயில்களும் பள்ளிகளும் அவர்களைத் தொடர்ந்து வந்தவை. ஸ்காட் சாலைக் கந்தசாமி கோயிலை யாழ்ப்பாணத்தார் எழுப்பினார்கள். 1894இல் தோன்றிய சிங்களவர் சங்கம் புத்த மகா விகாரையை அமைத்தது. 1904இல் விவேகானந்தா ஆசிரமம் தொடங்கியது. ரொசாரியோ சாலையிலும் சான் ஆ தோங் சாலையிலும் அரசு ஊழியர்களுக்கு வரிசை வரிசையாக வீடுகள் கட்டப்பட்டன. ஊர்க்காரர்கள் வாயில் அது ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்.

இரவு ஷிப்டு முடிந்து விடியலில் வெளியே வருகிறவருக்கு இட்லி வேண்டும். பகல் ஷிப்டுக்குப் போகிறவருக்குப் பொட்டலம் வேண்டும். ஊரிலே குடும்பத்தை விட்டுவந்த தனி ஆளுக்கு மூன்று வேளையும் கடைச் சோறுதான். பிரிக்பீல்ட்ஸின் சாப்பாட்டுக் கடைகள் இந்தத் தேவையிலிருந்து முளைத்தவை. சம்பளக்காரன் கையில் இருந்த காசுக்குள் விலையை அடக்கியாக வேண்டியிருந்தது. ஆகவே மலிவு என்பது அந்தக் கடைகளுக்குத் தொழில் முறை, யாருக்கும் காட்டிய தயவு அல்ல.

அந்தத் தொழில் முறை எப்படி நடக்கிறது என்பதை ஒரு வாழையிலையில் பார்க்கலாம். மத்தியானம் பன்னிரண்டரை மணி. நாற்காலியில் உட்கார்ந்ததும் இலை விழுகிறது. தண்ணீர் தெளிப்பதற்குள் ஒருவர் வாளியோடு வந்து மூன்று வகைக் காய்கறியை வைத்துவிட்டுப் போகிறார். பெரும்பாலும் முட்டைக்கோஸ், பூசணி, வெள்ளரிப் பச்சடி. அடுத்தவர் சோறு. அடுத்தவர் கையில் நாலு கிண்ணம் கோத்த தூக்கு: சாம்பார், மீன் குழம்பு, கோழிக் குழம்பு, பருப்பு. அப்பளம், மோர் மிளகாய், ரசம். சோறும் காயும் எத்தனை முறை கேட்டாலும் வரும், விலை ஏறாது. இதுவரை கடைக்காரருக்குப் பெரிய லாபம் எதுவும் இல்லை. ஐந்தாவது ஆள் ஒரு பெரிய தட்டத்தைத் தோளுயரத்தில் தூக்கிக்கொண்டு மேசைக்கு மேசை வருகிறார் பாருங்கள், லாபம் அந்தத் தட்டில் இருக்கிறது. மட்டன் பிரட்டல், பொரித்த கணவாய், நண்டு, மீன் தலை. அதில் ஒன்றைத் தொட்டால் இலையின் விலை இரண்டு மடங்காகும். தொடாமல் சாப்பிட்டு எழுந்து போகிறவரைத் தொட்டவர் தாங்குகிறார். அலுவலக மேலாளரும் அவருடைய காரை ஓட்டுபவரும் ஒரே கூரையின் கீழ் சாப்பிட முடிவது இந்தக் கணக்கால்தான்.

இதில் இன்னொரு அம்சம், வேகம். அரைமணி நேரத்தில் இலை மடங்கி, மேசை துடைக்கப்பட்டு, அடுத்த ஆள் உட்கார்ந்துவிட வேண்டும். மத்தியானத்தில் ஒரு நாற்காலியில் நாலு பேராவது மாறி மாறி உட்காராவிட்டால் கணக்கு உதைக்கும்.

கடைக்கு வெளியே, ஐந்தடி நடைபாதையிலும் பின்சந்துகளிலும் இதைவிடச் சிறிய தொழில் நடக்கிறது. சாயங்காலம் நாலு மணிக்குக் கொதிக்கும் எண்ணெயில் மசால் வடை, உளுந்து வடை, கறிபாப். வாங்குகிறவர் நின்றபடியே தின்பார். நாற்காலிக்கு இடமும் இல்லை, வாடகையும் இல்லை. தம்பிப்பிள்ளை சாலைப் பக்கம் பீசாங் கோரேங்குக்கு வரிசை நிற்கும். மூங்கில் குழாயில் அவிக்கும் புட்டு அந்த வட்டாரத்துக்கே பெயர் வாங்கித் தந்தது. அரிசி மாவை அள்ளிப் போட்டு, நடுவில் ஒரு சிட்டிகை குலா மலாக்கா வைத்து, மேலே மாவால் மூடி, ஆவியில் ஏற்றி, குச்சியால் தள்ளி, தேங்காய்ப்பூவோடு தாளில் மடித்துக் கொடுப்பதற்குச் சில நிமிடம்தான். கேரளத்துப் புட்டும் ஜாவாப் பலகாரமும் ஒரே குழாயில் சந்தித்துக்கொண்ட மாதிரி ஒரு பண்டம். ஸ்காட் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், தகரக் கூரைக்குக் கீழே பாத்திரங்களை வரிசையாக அடுக்கிவைத்திருக்கும் லாவண்யா உணவகத்தைத் தேடி வெளிநாட்டுப் பயணிகளும் வருகிறார்கள்.

சாப்பிட வருகிறவர்களையும் கவனிக்க வேண்டும். 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. அதனால் அந்த ஊரில் பார்வையற்றோர் நடத்தும் உடம்புபிடி நிலையங்கள் நிறைய. வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு நடைபாதையில் வருகிறவருக்கு எந்தக் கடையில் எத்தனை படி, எந்த மேசையின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது மனப்பாடம். கடைப் பையன் கேட்காமலே அன்றைக்கு என்னென்ன இருக்கிறது என்று வாயால் சொல்வான். இலையில் எந்தப் பக்கம் எது இருக்கிறது என்றும் சொல்வான். ஒரு கடை மூடி, வேறு ஒருவர் வேறு மாதிரி மேசை நாற்காலி போட்டுத் திறந்தால், கண் தெரிந்தவர்களுக்கு அது வெறும் பெயர்ப் பலகை மாற்றம். பார்வையற்றவருக்கோ நடந்து பழகிய பாதையே மாறிப்போகிறது.

இனி விஷயத்துக்கு வரலாம். பிரிக்பீல்ட்ஸின் கடைகளை மாற்றிய நாட்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று 2000 ஜனவரி 1. மற்றது 2001 ஏப்ரல் 16.

முதலாவதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1948க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு வாடகையை உயர்த்தவும் குடியிருப்பவரை வெளியேற்றவும் உரிமையாளருக்குத் தடை போட்டிருந்தது 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். பழைய கடைவீடுகளில் சந்தைவிலைக்குச் சம்பந்தமே இல்லாத வாடகையில் பலர் தொழில் நடத்த முடிந்தது அதனால்தான். அந்தச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டது. வாடகைதாரர்கள் மாறிக்கொள்ள 1999 டிசம்பர் 31 வரை அவகாசம் தரப்பட்டது. மறுநாள் காலையிலிருந்து வாடகையை நிர்ணயிப்பது உரிமையாளரின் விருப்பமானது. பினாங்கு ஜார்ஜ்டவுனில் இதன் அடி பலமாக விழுந்ததைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. கோலாலம்பூரின் பழைய தெருக்களிலும் அதே நாளில் அதே அடிதான் விழுந்தது.

உரிமையாளர் பக்கமும் நியாயம் உண்டு. பத்தாண்டுக் கணக்கில் சொற்ப வாடகை வாங்கியவர் கூரையைப் பழுது பார்க்கவும் பணமில்லாமல் இருந்தார். சட்டம் நீங்கியதும் அவர் சந்தை விலையைக் கேட்டார். ஆனால் அந்தச் சந்தை விலையே பதினைந்து மாதத்தில் வேறு உயரத்துக்குப் போய்விட்டது. ரயில்வேயின் பழைய சரக்குத் தண்டவாள நிலம், சுமார் 72 ஏக்கர், எம்ஆர்சிபி நிறுவனத்தின் தலைமையில் கேஎல் சென்ட்ரலாக எழுந்தது. நிலையம் 2001 ஏப்ரல் 16இல் திறக்கப்பட்டது. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவாவின் கைவண்ணம். 2003இல் மோனோரயில் வந்தது. 2004இல் ஹில்டன் விடுதி, 2014இல் நு சென்ட்ரல் பேரங்காடி. தண்டவாளத் தொழிலாளிக்காக உண்டான ஊரின் எதிரில், தண்டவாளத்தின் மேலேயே, நாட்டின் விலையுயர்ந்த அலுவலக இடங்களில் ஒன்று வந்து உட்கார்ந்தது.

அலுவலகம் வந்தால் கடைக்கு ஆள் கூடும் அல்லவா என்று கேட்கலாம். கூடியது. மத்தியானக் கூட்டம் பெருகியது. அதே கூட்டத்தைக் கட்டட உரிமையாளரும் பார்த்தார்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. போக்கை மட்டும் பாருங்கள். ஒரு கடையின் மாத வாடகை 9,000 வெள்ளி. வாடகை தவிர மற்ற எல்லாச் செலவும் போகத் தோசைக்கு 50 காசு நிற்கிறது. வாடகையை மட்டும் அடைக்க மாதம் 18,000 தோசை விற்க வேண்டும், நாளுக்கு 600. வாடகை 12,000 ஆனால் நாளுக்கு 800. தோசைக்கல்லோ அதே கல். சுடுகிறவருக்கும் இரண்டு கைதான். அதே இடத்தில் 12 வெள்ளிக்குக் காப்பி விற்கும் கபே வருகிறது. குவளைக்கு 6 வெள்ளி நிற்கிறது என்று வைத்தால் 9,000 வெள்ளியை அடைக்க நாளுக்கு 50 குவளை போதும். வாடகை ஏறும் இடத்தில் தோசைக் கடை போய்க் கபே வருவதற்கு ரசனை மாற்றம் காரணமாக இருக்கலாம், ஆனால் முதல் காரணம் இந்தப் பெருக்கல்.

கபேக்காரர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது; அது சரியும் அல்ல. பக்கத்துப் பங்சாரில் 1952இலிருந்து நடந்த ஆர்ட் பிரிண்டிங் வொர்க்ஸ் அச்சகத்தின் வளாகம் ஏபிடபிள்யூ என்ற பெயரில் கபேக்களும் பணியிடங்களுமாக மாறியது. பெட்டாலிங் தெருப் பக்கம் பழைய ரெக்ஸ் திரையரங்கு 2019இல் ரெக்ஸ்கேஎல் ஆனது. இடிபட்டுப் போயிருக்கக்கூடிய கட்டடங்கள் இவற்றால் நின்றன. அதே 2019இல் தொடங்கிய ஸூஸ் காப்பி, வெளிநாட்டுக் கடைகளைவிடக் குறைந்த விலையில் காப்பி தந்து நாடெங்கும் பரவியது. பல்கலைக்கழகம் முடித்த தமிழ்ப் பெண் ஒருத்தி மடிக்கணினியோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்து வேலை செய்ய, வாழையிலைக் கடையில் இடம் கிடையாது. பன்னிரண்டு வெள்ளிக் காப்பியில் ஏழெட்டு வெள்ளி நாற்காலிக்கும் குளிர்சாதனத்துக்கும் மின்சாரத்துக்கும் என்று அவளுக்கே தெரியும். தெரிந்துதான் கொடுக்கிறாள்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கபே ஒன்று வந்தால் தெருவுக்கு அது கூடுதல். தெருவில் பாதி கபே ஆனால் அடுத்த ஒப்பந்தத்தில் பக்கத்துக் கடைக்குக் கேட்கப்படும் வாடகை கபே வாடகைதான். வாடகை கூடினால் கபேயும் போகும். அந்த இடத்துக்குக் கைத்தொலைபேசிக் கடையோ சங்கிலி உணவகமோ வரும்.

இதற்கிடையே 2010 அக்டோபர் 27இல் பிரதமர் நஜிப் ரசாக்கும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் பிரிக்பீல்ட்ஸின் லிட்டில் இந்தியாவைத் திறந்துவைத்தார்கள். 35 மில்லியன் வெள்ளித் திட்டம். துன் சம்பந்தன் சாலையில் வளைவுகள், வண்ண விளக்குத் தூண்கள், நீரூற்று. 2015 நவம்பரில் நரேந்திர மோடி தோரண வாயிலைத் திறந்தார். அதுவரை அந்தப் பகுதிக்கு அலங்காரம் தேவைப்பட்டதில்லை. தமிழர்கள் அங்கே இருந்தார்கள், வாங்கினார்கள், விற்றார்கள், அவ்வளவுதான். அலங்காரம் வந்தபின் சுற்றுலாப் பேருந்துகள் வந்தன. வண்டி நிறுத்த இடமில்லை, நெரிசலில் பழைய வாடிக்கையாளர் வருவதில்லை என்று கடைக்காரர்கள் முறையிட்டார்கள்.

பெயருக்கு லிட்டில் இந்தியா எழுந்த அதே பத்தாண்டில் அந்த ஊர்க்காரர்கள் குடியிருந்த இடம் சுருங்கியது. ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ் வீடுகள் இடிக்கப்பட்டன. விவேகானந்தா ஆசிரம வளாகத்தில் அடுக்குமாடி கட்டும் திட்டம் 2014இல் வெளியே வந்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. கையெழுத்து வேட்டை, ஊர்வலம், நாடாளுமன்றப் பேச்சு என்று நடந்து, கடைசியில் அது பாரம்பரிய இடமாகப் பாதுகாக்கப்பட்டது. ஆசிரமத்துக்காகப் போராட ஆள் இருந்தார்கள். இட்லிக் கடைக்கு அப்படி யாரும் போராடுவதில்லை. பாரம்பரியச் சட்டம் கட்டடத்தைக் காக்கலாம், அதில் நடக்கும் கடையின் வாடகையைக் காக்காது.

ஏழை வாடிக்கையாளர் வீடு மாறிப் பூச்சோங்குக்கோ கிள்ளானுக்கோ போய்விட்டால், மலிவுக் கடைக்குச் சாயங்காலக் கூட்டம் போய்விடும். மத்தியான அலுவலகக் கூட்டத்தை மட்டும் நம்பிய கடைகளுக்கு 2020 மார்ச் 18 பாடம் புகட்டியது. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் கோபுரங்கள் காலி. உட்கார்ந்து சாப்பிடத் தடை. பொட்டலம் மட்டும் என்றபோது வாழையிலையில் வேகமும் இல்லை, தட்டத்தோடு வரும் ஐந்தாவது ஆளும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் செயலிகள் விற்பனையில் முப்பது விழுக்காடு வரை தரகு கேட்டன. ஐம்பது காசு நிற்கிற தோசையில் அந்தத் தரகை எங்கே எடுப்பது?

மற்றச் செலவுகளும் சும்மா இல்லை. குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே மாதம் 1,500 வெள்ளியானது. 2025 பிப்ரவரியில் 1,700. தட்டு கழுவுகிறவருக்கும் அது வேண்டியதுதான். 2023 செப்டம்பரில் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200க்குத் தாவியது. இலையில் அளவில்லாமல் சோறு போடும் கடைக்கு அது நேரடி அடி. சமையலுக்கு ஆள் கிடைப்பதும் பெரும்பாடு. 2018இல் மனிதவள அமைச்சர் எம். குலசேகரன், 2019 முதல் உணவகங்களில் உள்நாட்டுச் சமையற்காரர்களே இருக்க வேண்டும் என்று அறிவித்தபோது உணவக உரிமையாளர்கள் கொதித்தார்கள். அந்தத் திட்டம் பின்வாங்கப்பட்டது. தமிழகத்திலிருந்து வரும் மாஸ்டர் இல்லாமல் பரோட்டாக் கல் சூடாகாது என்பதை அந்தச் சில வாரங்கள் வெளிச்சம் போட்டுக் காட்டின.

மலிவுச் சாப்பாட்டைக் காக்க அரசு செய்த முயற்சி ஒன்று மெனு ரஹ்மா. 2023 ஜனவரி இறுதியில் அமைச்சர் சலாஹுடின் அயூப் தொடங்கிவைத்தார். 5 வெள்ளிக்குச் சோறு, ஒரு கறி, ஒரு காய். உணவகங்கள் தாமாக முன்வந்து கொடுக்க வேண்டும், மானியம் கிடையாது. பல கடைகள் கொடுத்தன. தட்டத்தைத் தொட்டவர் தொடாதவரைத் தாங்கும் அதே முறைதான் இதுவும். தாங்குவதற்குக் கடையில் மிச்சம் இருக்கும்வரை நடக்கும்.

அப்படியானால் இன்றைக்கும் மலிவாக நடக்கிற கடைகள் எப்படி நடக்கின்றன? நாலு வகையாகப் பிரிக்கலாம். தாத்தா காலத்தில் கடைவீட்டை வாங்கிப்போட்ட குடும்பம் நடத்துவது ஒரு வகை, வாடகையே இல்லை. இரண்டாவது, சந்திலும் நடைபாதையிலும் இருக்கும் ஒட்டுக்கடை. மாநகர் மன்ற உரிமம்தான் அதற்குச் சொத்து. மூன்றாவது, அறநிலையம். சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981இல் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸின் கட்டடம் பெர்ஹாலா சாலையில் இருக்கிறது. அதன் அன்னலட்சுமி உணவகம் பெயர் வாங்கியதே சாப்பிட்டவர் தம் மனம்போலக் கொடுத்துவிட்டுப் போகும் முறைக்காகத்தான். நான்காவது, நல்ல மனம் கொண்ட கட்டட உரிமையாளர். இது எண்ணிக்கையில் சிறியது, அவருடைய பிள்ளைகள் காலத்தில் என்னாகும் என்று சொல்ல முடியாதது.

நாலிலும் பொதுவானது ஒன்று: காலடி நிலத்துக்குச் சந்தை வாடகை கொடுக்காதவர்களால்தான் மலிவாக விற்க முடிகிறது. கைப்பக்குவமும் பழைய பெயரும் கூட்டத்தைக் கொண்டுவரும், கடையை நிறுத்திவைக்க அவை போதவில்லை.

லண்டனில் பிரிக் லேன் என்று ஒரு தெரு இருக்கிறது. அங்கும் ஒரு காலத்தில் செங்கல் சுட்டார்கள். பிறகு வங்காளதேசத்தார் வந்து கறிக் கடைகள் வைத்தார்கள். 2001இல் அந்த வட்டாரத்துக்கு அதிகாரபூர்வமாகவே பங்ளா டவுன் என்ற பெயரும் சேர்ந்தது. பக்கத்து நிதி நிறுவனக் கோபுரங்கள் நெருங்கி வந்தன. ரன்னிமீட் டிரஸ்ட் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2000களின் நடுவில் 60 ஆக இருந்த வங்காளதேச உணவகங்கள் 23 ஆகக் குறைந்துவிட்டன. பெயர் சூட்டியது கடையைக் காக்கவில்லை.

சிங்கப்பூர் வேறு வழி போனது. தெருவோர வியாபாரிகளை 1970களிலிருந்து அங்காடி நிலையங்களுக்குள் கொண்டுவந்து, அரசே கட்டட உரிமையாளரானது. சிராங்கூன் சாலைத் தேக்கா நிலையத்தில் இன்றைக்கும் பிரியாணியும் அப்பமும் அடுத்தடுத்த கடைகளில் கிடைப்பது அதனால். அந்த அங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020இல் அங்கீகரித்தது. ஏல முறையில் வாடகை ஏறுகிறது, இளையவர்கள் தொழிலுக்கு வருவதில்லை என்ற குறைகள் அங்கும் உண்டு. சென்னையில் 2013 பிப்ரவரியில் மாநகராட்சி அம்மா உணவகத்தைத் திறந்தது. ஒரு ரூபாய்க்கு இட்லி, ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதம், மூன்று ரூபாய்க்குத் தயிர் சாதம். அங்கே அரசு சமையலறையையே தன் தலையில் ஏற்றுக்கொண்டது. சிங்கப்பூர் இடத்தைத் தாங்கியது, சென்னை சோற்றைத் தாங்கியது. கோலாலம்பூர் இரண்டையும் பெரும்பாலும் கடைக்காரரிடமே விட்டுவிட்டது.

நமக்கும் இதில் சொந்த அனுபவம் ஒன்று இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸின் பிரதான சாலைக்குப் பெயர் துன் சம்பந்தன். 1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தலைமுறையாகப் பால்மரம் சீவியவர்கள் வேலையையும் லயத்து வீட்டையும் ஒரே நாளில் இழந்தார்கள். அன்றைய அமைச்சரும் மஇகா தலைவருமான சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளியிடம் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் சேர்த்து, கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். நம் கோல லங்காட் வட்டாரத்தில் தோட்டம் விட்டு வெளியேறிய குடும்பங்கள் இந்த அவையிலும் இருக்கின்றன. அந்தச் சங்கத்தின் பாஸ் புத்தகத்தை இன்னும் பத்திரமாக வைத்திருப்பவர்களும் இருக்கலாம். கூலியை உயர்த்தக் கேட்பதோடு நிற்காமல் நிலத்தையே வாங்கப் போன இயக்கம் அது. அவர் பெயரைத் தாங்கிய சாலையில், நகரத்துத் தொழிலாளி சாப்பிடும் கடைக்கு அப்படி ஒரு கூட்டுறவு இதுவரை எழவில்லை. எட்டு உணவகக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு கடைவீட்டை வாங்கி, கீழ்த்தளத்தை ஒட்டுக்கடைகளாகப் பிரித்துக்கொள்வதற்குச் சட்டத்தில் தடை எதுவும் கிடையாது.

கிள்ளானுக்கும் பந்திங்குக்கும் இது தூரத்துக் கதை அல்ல. கிள்ளான் ரயில் நிலையத்துக்கு அருகில் 1940இலிருந்து நடக்கும் சோங் கோக் கோப்பிக் கடையில் இன்னும் ரொட்டி பாக்கார் கிடைக்கிறது. தெங்கு கிளானா சாலையில் இன்னும் சாதாரண விலையில் சாப்பிட முடிகிறது. பண்டார் உத்தாமாவிலிருந்து வரும் இலகு ரயில் பாதையின் கடைசி நிலையம் ஜொகான் செத்தியா. அங்கிருந்து பந்திங் சாலை ஒரே நேர்க்கோடு. பந்திங்கையும் தைப்பிங்கையும் இணைக்கும் 233 கிலோமீட்டர் மேற்குக்கரை விரைவுச் சாலையின் தென்முனை இந்த ஊர். சாலையும் ரயிலும் வந்த இடத்தில் நிலத்துக்கு என்ன ஆகும் என்பதற்கு 2001 ஏப்ரல் முன்மாதிரி.

ஆகவே, இங்கே கடை வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும், வைக்க நினைக்கும் இளையவர்களுக்கும் சில நடைமுறைச் செய்திகள். கடை வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுக்குத்தான் எழுதப்படுகின்றன. மூன்று ஆண்டு வரையிலான ஒப்பந்தத்தை நில அலுவலகத்தில் பதிவு செய்யத் தேவையில்லை என்று தேசிய நிலச் சட்டம் சொல்வது அதற்கு ஒரு காரணம். மூன்று ஆண்டு முடிந்ததும் உரிமையாளர் கேட்பதுதான் வாடகை. அதற்கு மேற்பட்ட காலத்துக்குக் குத்தகை எழுதிப் பதிவு செய்துகொள்ள அதே சட்டம் வழி வைத்திருக்கிறது. பதிவான குத்தகை, கட்டடம் கைமாறினாலும் செல்லும். வாடகை எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை, எத்தனை விழுக்காடு வரை ஏறலாம் என்பதையும் அதில் எழுதிக்கொள்ளலாம். உரிமையாளர் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது உண்மை. ஆனால் விரைவுச் சாலையால் நில விலை இன்னும் முழுதாக ஏறாத இப்போது கேட்டால் ஒத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. ஐந்து ஆண்டு கழித்துக் கேட்டால் குறைவு. கோல லங்காட் நில அலுவலகம் இதே ஊரில்தான் இருக்கிறது. வழக்கறிஞர் ஒருவரை அழைத்துக்கொண்டு, கடை ஒப்பந்தத்தையும் கையில் எடுத்துக்கொண்டு, வேலை நாளில் போய் விசாரிக்கலாம்.